நூற்றுக்கு ஏழு பேர்

என் அக்கா என்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைப்பது அபூர்வம். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, காதோரம் நரைத்துவிட்டது. இருந்தும் "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்பதுதான் எங்கள் உறவின் அடிப்படைச் சட்டம். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கே வந்து, என் மேசைக்கு எதிரில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "தம்பி, உன்னால ஒரு காரியம் ஆகணும்" என்றதும் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்ட அந்த நல்ல மனிதர் வழக்கம்போல எங்கோ ஒரு கட்டடத்தில் லிப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்து வந்திருந்தது கூடத்துக்கு.

கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்கா பகலில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். மாலை ஐந்து மணியானால் பழைய தபால் நிலையத்தின் மாடிக்குப் போய்விடுவாள். அங்கே நீளமாக ஓர் அறை. மேசைப்பந்து மேசை ஒன்று, கால் ஆடும் பெஞ்சுகள் நான்கு, ஒரு தையல் மெஷின், ஒரு புத்தக அலமாரி. பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வரைக்கும் நாற்பத்தைந்து பிள்ளைகள் வருவார்கள். ஒருவன் வீட்டுப்பாடம் எழுதுவான், ஒருத்தி சைக்கிள் சங்கிலியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் விழிப்பாள், இரண்டு பேர் சண்டை போடுவார்கள். அக்கா எல்லாருக்கும் நடுவில் நின்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். இருபத்தோரு வருடமாக இதுதான் நடக்கிறது. இதற்கு 'இளைஞர் மேம்பாட்டுத் திட்டம்' என்று பெயர் என்பதே, அன்று கையில் வைத்திருந்த கடிதத்தைப் படித்துத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கடிதம் நகர மன்றத்திலிருந்து வந்திருந்தது. அறை அவர்களுடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பித்துத் தருவார்கள். அந்த வேலையைப் பார்க்கும் செயலாளருக்கு நானும் அக்காவும் 'முத்திரை' என்று பெயர் வைத்திருந்தோம். எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்துகிற புண்ணியவான். அவருக்கு இந்த முறை யார் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, 'இத்தகைய திட்டங்களால் பயன் உண்டு என்பதற்கான ஆராய்ச்சிச் சான்றை ஒரு மாதத்துக்குள் இணைக்கவும். தவறினால் அந்த அறை பழைய கோப்புகளை வைக்கப் பயன்படுத்தப்படும்' என்று எழுதியிருந்தார்.

"ஆராய்ச்சியாம்டா. அதெல்லாம் உங்கிட்டதான இருக்கும்?" என்றாள் அக்கா, நான் அவற்றை மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருப்பதுபோல.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் வேலையே அதுதான். பேராசிரியர்களும் மாணவர்களும் கேட்கிற கட்டுரைகளைத் தேடிக் கொடுப்பது. ஊரார் எல்லாருக்கும் தேடிக் கொடுத்தவன், கூடப் பிறந்தவளுக்குத் தேடித் தர மாட்டேனா? "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று வாயை விட்டேன்.

தேடுபொறியில் போட்டதும் நாற்பத்தோராயிரம் கட்டுரைகள் வந்து விழுந்தன. அதில் பாதி, கால்பந்து பழகுகிற சிறுவர்களின் முழங்காலைப் பற்றியவை. முழங்கால்களைக் கழித்தேன். ராணுவத்தில் சேருபவர்களைக் கழித்தேன். இளம் தொழிலதிபர்கள், இளம் விவசாயிகள், இளம் கைதிகள் என்று ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, கடைசியில் இருநூறு சொச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பிறகு படிக்க ஆரம்பித்தேன். ஒரு கட்டுரை 'பயன் இருக்கலாம்' என்றது. இன்னொன்று 'பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது' என்றது. இருநூறும் ஒரே குரலில் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: 'இது குறித்து மேலும் ஆராய்ச்சி தேவை.' இந்த வாக்கியத்தை எழுதாதவருக்குப் பட்டம் கிடையாது போலிருக்கிறது.

கைக்கு அடக்கமாக ஐந்தாறு கட்டுரைகளை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். அவற்றை அப்படியே முத்திரையிடம் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேனே தவிர, உட்கார்ந்து படிப்பாள் என்று நினைக்கவில்லை. பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவளுக்குத் தாளில் எது எழுதியிருந்தாலும் அது மருந்துச் சீட்டுதான். எழுதியிருந்தால் சாப்பிட்டாக வேண்டும்.

முதல் கட்டுரை, பெரியவர்கள் குறைவாகப் பேசுகிற இடங்களில்தான் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள் என்று சொல்லியிருந்தது. அக்கா மறுநாளே வாயைக் கட்டிக்கொண்டாள். கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பிள்ளைகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், அவர்களில் நாங்கள் 'ஏன்' என்று கூப்பிடுகிற பெண் (அவளிடம் எதைச் சொன்னாலும் திரும்பி வருவது அந்தக் கேள்விதான்) பல் மருத்துவமனைக்கே போன் போட்டு, "டாக்டர், உங்ககிட்ட வேலை பாக்கறவங்களுக்கே பல்வலி. வாயத் தொறக்க முடியாம கெடக்காங்க. நீங்க பாக்க மாட்டீங்களா?" என்று சண்டை பிடித்திருக்கிறாள். டாக்டர் பதறிப்போய் அக்காவை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, முப்பத்திரண்டையும் தட்டிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டும் நல்லா இருக்காம்" என்று மாமா என்னிடம் போனில் சொன்னார். "ஆனா வீட்டுல மூணு நாள் நல்ல அமைதி. அந்தக் கட்டுரை எழுதினவரு விலாசம் கெடைக்குமா மாப்ள? ஒரு நன்றிக் கடிதம் போடணும்."

நான் அக்காவை அழைத்து, கட்டுரைகளைப் பின்பற்ற வேண்டியதில்லை, ஒப்படைத்தால் போதும் என்று விளக்கினேன். அவள் காதில் வாங்கினால்தானே. அடுத்த கட்டுரையை மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒப்பீட்டுக் குழுன்னா என்னடா?"

"ஒரு கூட்டத்த ரெண்டாப் பிரிப்பாங்க. ஒரு பாதிக்குத் திட்டம் உண்டு, இன்னொரு பாதிக்கு ஒண்ணும் கெடையாது. அப்புறம் ரெண்டையும் வச்சுப் பாப்பாங்க. அப்பத்தான் திட்டத்தால பயன் உண்டா இல்லையான்னு தெரியும்."

"யார எந்தப் பாதியில போடறது?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டு."

இவ்வளவுதான் நான் சொன்னது. இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

அதற்கடுத்த வியாழக்கிழமை, நல்ல மழையில், அவளுக்கு இன்னும் இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொண்டு தபால் நிலைய மாடிக்குப் போனேன். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை பிள்ளைகள். ஒருவன் சதுரங்கப் பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஆடினான். இரண்டு பேர் ஒரே கணக்கு நோட்டில் குனிந்திருந்தார்கள். எல்லாருடைய தோளிலும் ஒரு துண்டு.

"என்ன, கூடம் பூட்டியிருக்கா?"

"இல்ல அங்கிள். நாங்க ஒப்பீட்டுக் குழு" என்றாள் 'ஏன்', மிகுந்த பெருமையோடு. "சீட்டு எடுத்தோம். எங்களுக்கு 'வரக்கூடாது'ன்னு வந்துச்சு. மூணு வாரத்துக்கு."

"அப்ப வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"ஏன்? உள்ள வரக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. படியில உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

ஆளை ஆள் தாண்டி மேலே ஏறினேன். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே திட்டத்தைப் பெற வேண்டிய அதிர்ஷ்டசாலிகள் இருபத்து மூன்று பேரில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். மிச்சம் பேர் படிக்கட்டில்தான் கலகலப்பாக இருக்கிறது என்று வெளியே போய்விட்டார்களாம். அக்கா எங்கே என்று பார்த்தால், மேலிருந்து நான்காவது படியில் உட்கார்ந்து, ஒருவனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேநீர் கெட்டில்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆராய்ச்சி என்றால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? "அக்கா! ஒப்பீட்டுக் குழுவுக்கு நீ எதுவும் செய்யக் கூடாது. அதான் விஷயமே."

"மழை பெய்யுதுடா."

"மழை பெஞ்சா என்ன?"

"நனைஞ்சுட்டு வந்து நிக்குதுங்க. தொடச்சுக்கத் துண்டு குடுத்தேன். துண்டு குடுத்தா ஆராய்ச்சி கெட்டுப் போயிடுமா?"

"கெட்டுப் போயிடும்."

"அப்பக் கெட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா. பிறகு எழுந்து நின்று, படிக்கட்டு முழுவதையும் பார்த்து, "எல்லாரும் உள்ள வாங்க, ஆராய்ச்சி முடிஞ்சுது" என்று குரல் கொடுத்தாள். 'ஏன்' பெண்ணுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. ஒப்பீட்டுக் குழுவின் தலைவியாக அவள் தன்னையே நியமித்துக்கொண்டிருந்தாளாம்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். நான் இரண்டு கட்டுரைகளோடு போயிருந்தேன். ஒன்று அபாரமான கட்டுரை. ஒரு திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேர் முன்னேறிவிட்டார்கள் என்றது. ஒரே ஒரு குறை. நடுவில் நின்றுபோன பிள்ளைகளை அதில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கடைசிவரை இருந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தார்கள்.

"இதையே குடுத்துடலாம். முத்திரை எங்க அடிக்குறிப்பெல்லாம் படிக்கப் போறாரு?" என்றேன்.

அக்கா அந்தத் தாளைத் தள்ளி வைத்தாள். "பாதியில போன புள்ளைங்க புள்ளைங்க இல்லையா? வேணாம், வேற குடு."

இன்னொன்று, நூற்றுச் சொச்சம் ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்து எடைபோட்ட பெரிய கட்டுரை. நேர்மையானது. நின்றுபோனவர்கள், வராதவர்கள், எல்லாரையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். இத்தகைய திட்டங்களால் பயன் உண்டு, ஆனால் அது சிறிய பயன் என்பது அதன் முடிவு.

"சிறிசுன்னா எவ்வளவு சிறிசு?"

"நூறு புள்ளைங்க வந்தா, ஏழு பேரோட வாழ்க்கை நல்லபடியா மாறும். கூடம் இல்லன்னா அந்த ஏழு பேருக்கு அது நடந்திருக்காது. மத்தவங்க, கூடம் இருந்தாலும் இல்லன்னாலும், எப்படியோ அப்படித்தான்."

அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏழு நல்ல எண்ணிக்கைதானேம்மா. நான் சரிபண்ணுன லிப்ட்ல நூத்துக்கு எத்தன திரும்ப நிக்குதுன்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?" என்றார். வழக்கமாக அவள் சிரித்திருப்பாள்.

"இருவத்தியொரு வருஷம்டா" என்றாள் குழாய்ப் பக்கம் திரும்பியபடியே. "அந்த ஆளு லெட்டர்ல பயன் உண்டான்னு கேட்டிருந்தான். அவனுக்கு வேணும்னு நான் இதையெல்லாம் படிக்கல. எனக்கே தெரியல. தெரிஞ்சுக்கலாம்னு பாத்தேன்."

அவளை வைத்து ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவளே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏழு பேர் கட்டுரையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மன்ற அலுவலகத்துக்குப் போனோம். முத்திரையின் அறையில் தரையிலிருந்து கூரைவரை கோப்புகள். நாற்காலியில் கிடந்த கோப்புகளை எடுத்து ஜன்னல் திண்டில் அடுக்கித்தான் எங்களுக்கு உட்கார இடம் கொடுத்தார். கூடத்தின்மேல் அவர் ஏன் கண்வைத்தார் என்று பார்த்தவுடன் புரிந்தது. பாவம், அவருக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். அக்கா மூன்று நாளைக்கு முன்பே அனுப்பியிருந்த கட்டுரை அவர் முன்னால் இருந்தது. ஓரமெல்லாம் சிவப்புக் கோடு. மனுஷன் படித்திருந்தார்! இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் படிக்கிற தாள் எங்களுடையதாகவா இருக்க வேண்டும்?

"பிரமாதமான ஆராய்ச்சி மேடம்" என்றார். "நூத்துக்கு ஏழு. உங்ககிட்ட இருக்கறது நாப்பத்தஞ்சு பேரு. அப்பப் பயனடையப் போறது மூணு பேரு, மூணேகால் பேருன்னு வச்சுக்கலாம். மூணு பேருக்கு அவ்வளவு பெரிய அறை எதுக்கு? கீழ்த்தளத்துல ஒரு சின்ன அறை இருக்கு. மேசை நாற்காலி போட்டுத் தர்றேன். அந்த மூணு பேரையும் நீங்க அங்க வச்சு நல்லாப் பாத்துக்கலாம்."

கிண்டல் இல்லை. உண்மையிலேயே ஒரு தீர்வு கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர் முகத்தில். நான் சராசரி என்றால் என்ன என்று விளக்க வாயெடுத்தேன். அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பைக்குள்ளிருந்து கூடத்துப் பெயர்ப் பட்டியலை எடுத்து, அவர் முன்னால் விரித்து, அவருடைய பென்சிலையே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சரி சார். அந்த மூணு பேரு யாருன்னு நீங்களே குறிச்சுக் குடுங்க. மத்தவங்கள நான் நாளைக்கே அனுப்பிடறேன்."

முத்திரை சந்தோஷமாகப் பட்டியலைப் பார்த்தார். எதிரே மதிப்பெண்களும் இருந்தன. எட்டாவது பெயரில் பென்சிலை வைத்தார். "இந்தப் பையன். எல்லாத்துலயும் முதல்."

"அவன் கெட்டிக்காரன் சார். எங்க தூக்கிப் போட்டாலும் பொழச்சுக்குவான். கூடம் இல்லன்னா அவனுக்கு ஒண்ணும் கொறையாது."

அழிப்பானால் அழித்தார். "அப்ப இந்தப் பொண்ணு? ரொம்ப மோசமாப் படிக்குதே. இதுக்குத்தான் தேவை."

"ஆறு மாசமா வருது. இன்னும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. அதுக்கு என்னால ஏதாவது ஆகுமான்னு எனக்கே தெரியல சார். ஆகும்னா போடுங்க."

அதையும் அழித்தார். இன்னும் இரண்டு பேரைக் குறித்தார், அவர்களைப் பற்றிக் கேட்டார், அழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, அந்த மூணு பேரு யாருன்னு ஆராய்ச்சியில போட்டிருக்குமே? நான்தான் விட்டுட்டேன் போல."

"போடல சார். அத யாரும் இன்னும் கண்டுபிடிக்கல."

"மேடம், இருவத்தியொரு வருஷமாப் பாக்கறீங்க. உங்களுக்குக் கூடவா தெரியாது?"

"தெரியாது சார்" என்றாள் அக்கா. "தெரிஞ்சா நான் எதுக்கு நாப்பத்தஞ்சு பேரக் கட்டி மேய்க்கறேன்? தெரியாததுனாலதான் எல்லாருக்கும் கதவத் தொறந்து வச்சிருக்கேன்."

முத்திரை பென்சிலைக் கீழே வைத்தார். பட்டியலின் ஓரத்தில் ஒட்டியிருந்த அழிப்பான் தூளை ஊதினார். சுற்றிலும் இருந்த கோப்புகளை ஒருமுறை பெருமூச்சோடு பார்த்தார். அப்புறம் இழுப்பறையைத் திறந்து, இரண்டு வருடத்துக்கான அனுமதித் தாளை எடுத்து, படிக்காமல் முத்திரை குத்தினார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். குதிப்பாள், குறைந்தபட்சம் என்னையாவது திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அனுமதித் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். சிறிய பயன் என்ற வார்த்தை இன்னும் அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

"இத்தன வருஷத்துல மொத்தம் எத்தன பேரு வந்திருப்பாங்கக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"தொள்ளாயிரம் இருக்கும்."

"அப்ப நூத்துக்கு ஏழுன்னா அறுபத்து மூணு பேரு."

பேருந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. பள்ளிக்கூடப் பை மாட்டியவர்கள், வேலை முடிந்து போகிறவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற ஒருவர். உட்கார்ந்தவர்கள், கம்பியைப் பிடித்துத் தொங்குபவர்கள், படியில் நிற்பவர்கள் என்று வண்டி பிதுங்கியது.

"டேய், இதுல எத்தன பேரு இருப்பாங்க?" என்றாள் அக்கா.

எண்ணிப் பார்த்தேன். "அறுபது, அறுபத்தஞ்சு."

"இவ்வளவு பேரா?"

"இவ்வளவு பேருதான்க்கா."

அவள் முன்ஜன்னலிலிருந்து பின்ஜன்னல்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல், வாயைத் திறந்துகொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள். நடத்துனர் ஏறுகிறீர்களா இல்லையா என்று இரண்டுமுறை கத்தினார். எங்களுக்கு அதில் இடமில்லை. அடுத்த வண்டியில் போனோம்.